போன் வயரைப் பிடுங்கியவன் வீட்டுக் கல்யாணம்

வேங்கிக்கால்,
14.9.2003

அன்பு மகள் கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே டொரோண்டோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன் பேரிலேயே போனும் இன்டர்நெட்டும் வந்துவிட்டது என்று நீ அனுப்பிய மெயிலை, செங்கம் ரோடு பிரவுசிங் சென்டரில், சுற்றிலும் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்க, மூன்று தடவை படித்தேன். போன் கம்பெனியில் பழைய பில் கேட்டார்களாமே, பழைய பில்லெல்லாம் உன்னைக் கட்டின வளவன் பேரில் இருந்தால் நீ எங்கே போவாய். சரசு அக்கா கூடவே வந்து, இவள் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே, யாழ்ப்பாணத்தில் பிறந்த அந்த அம்மாவுக்கு நாம் என்ன உறவா, அவரை நான் கும்பிட்டேன் என்று சொல். பாஸ்வேர்டுக்கு உன் பிறந்த தேதி, கல்யாணத் தேதி எதையும் வைக்காதே, இரண்டும் அவனுக்குத் தெரியும். நம்பரை டைரக்டரியில் போடக் கூடாது என்று சொன்னாயா, இல்லையென்றால் நாளைக்கே போய்ச் சொல். முதல் பில் வந்ததும் பத்திரப்படுத்து, இனி எந்த ஆபீஸில் விலாசம் கேட்டாலும் நீட்டுவதற்கு உன் பேர் போட்ட காகிதம் ஒன்று இருக்கும்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், வேறு யார் வாயிலிருந்தோ உனக்கு வருவதற்கு முன்னால் என்னிடமிருந்தே கேட்டுக்கொள். நீ அவன் வீட்டை விட்டு வந்த பிறகு உன் மாமனார் கண்ணாயிரம் ஊர் முழுக்க, அங்க போனதும் பொண்ணுக்குத் திமிரு ஜாஸ்தியாயிடுச்சு, ஓடிட்டா என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைப் பொய் என்று காட்ட என் கையில் அப்போது ஒன்றும் இல்லை. சித்திரையில் வளவனே உன் அப்பாவுக்கு ஒரு மெயில் அனுப்பினான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், எனக்குப் பிடிபடவில்லை, கவுண்டரில் இருக்கும் பெண் இனியாதான் படித்துச் சொன்னாள். வீட்டில் போன் இருந்தால் நாளெல்லாம் அம்மா அம்மா என்று பேசுவாள், அதனால் தினமும் போன் வயரைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் நின்று பேச விட்டேனே போதாதா, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். பதினோரு மாதம் நீ ஒப்பிக்கிற மாதிரி நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மா என்றாயே, பெற்றவள் எனக்கு அது உறைக்கவில்லையே என்று சென்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து உள்ளே போய் அதை மூன்று பிரதி எடுத்துக்கொண்டேன்.

ஆடியில் சேதி வந்தது, உன் கொழுந்தன் புகழேந்திக்குப் போளூரில் பெண் பார்த்து ஆவணியில் நிச்சயம் என்று. அப்பாவிடம் வேலூர் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போளூர் பஸ் ஏறினேன். பெண்ணின் அம்மா பேர் கஸ்தூரி, பள்ளிக்கூட டீச்சர். அந்த மெயில் பிரதியைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, இத எதுக்குங்க எங்கிட்ட கொண்டாந்தீங்க என்று கேட்டார். உங்க பொண்ணு நல்லா இருக்கணும்னு வந்தேன்னு சொன்னா அது பொய்ங்க, அந்த வீட்டுல ஒரு நல்ல காரியம் நடக்கக் கூடாது, அதுக்குத்தான் வந்தேன் என்றேன். அந்த அம்மா உள்ளே போய்க் காபி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தாம் நாள் சம்பந்தம் முறிந்தது.

கண்ணாயிரம் வந்து கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினார், தெருவே வெளியே வந்து நின்றது. உம் பொண்ணு வாழலன்னா எம் புள்ளயும் வாழக் கூடாதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, கலெக்டர் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக ஒருத்தரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், சட்டை கூடப் போடாமல் வாசலுக்குப் போனார். மொதல்ல அந்த வயரக் கொண்டாந்து எங்கையில குடுங்க, அப்புறம் பேசலாம் என்றார். அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அந்த மனுஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். கவி, அன்று நான் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். பாவம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மறுநாள் காலையில் புகழேந்தி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் உன் பி.எட். சான்றிதழ், மார்க்ஷீட் எல்லாம். அவர்கள் வீட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தார்களாம், தன் அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்தானாம். அண்ணிக்கு அங்க வேலைக்கு இது வேணுமில்லிங்களா என்றான். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கவரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே வாப்பா என்று சொல்லவில்லை, ஒரு சொம்புத் தண்ணி கொடுக்கவில்லை. அவன் நல்ல பையன் என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும், தெரிந்துதான் போளூருக்குப் போனேன். அவர்கள் வீட்டில் அடித்தால் நோகிற இடம் அவன் ஒருத்தன்தான். திரும்பவும் அப்படி ஒரு நிச்சயம் என்றால் திரும்பவும் பஸ் ஏறுவேன். தண்ணி கொடுக்காதது மட்டும் நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன். குளிர் தொடங்குவதற்குள் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். அண்ணாமலையார் உனக்கு முன்னும் பின்னும் காவலாக நிற்பார், நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், நூறு வயசு இருக்க வேண்டும். உன் நம்பரை இங்கே யாருக்கும் நான் கொடுக்கப் போவதில்லை, நீயும் கொடுக்காதே. ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. புகழேந்தி வேலை செய்கிற கடை நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீயாகக் கூப்பிட்டு அவனிடம் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசு. என்னால் முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா
த. ஜோதியம்மாள்