எருமப்பட்டியார் கடல்மேல் படையெடுத்த வரலாறு

19 ஜனவரி 2025, ஞாயிறு

இந்த நோட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பினால் அவர்களுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். எருமப்பட்டி வீல் அலைன்மென்ட் கடை பூபதியாகிய நான், ஏரி மீனைத் தவிர வேறு மீனின் முகம் பார்த்திராத நான், வங்காள விரிகுடாவின் மேல் படையெடுக்கத் தீர்மானித்துவிட்டேன். ஒரு நாள் கரையில் நின்று அலைக்குள் தூண்டில் வீசுவது. மறுநாள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய இறங்குபாலத்தில் ஏறி வீசுவது. இடம், தரங்கம்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கரையூர். படையில் இருவர். ஒருவன் நான், இன்னொருவர் அக்கா வீட்டுக்காரர் மாதையன் மச்சான்.

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

20 ஜனவரி

காரணத்தையும் எழுதிவைத்துவிடுகிறேன். சரித்திரம் தப்பாகப் போய்விடக் கூடாது.

மச்சான் முப்பத்து நாலு வருஷம் லாரி ஓட்டினவர். காண்ட்லா, ஹால்தியா, காக்கிநாடா என்று இருக்கிற துறைமுகத்திலெல்லாம் லோடு இறக்கியிருக்கிறார். ஒரு கடலிலும் கால் நனைத்ததில்லை. போன சித்திரையில் சர்க்கரை அவருடைய வலது கண்ணை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டுக் கேட்டைத் தாண்டவில்லை. என் புதுக் கடை திறப்புக்குக்கூட வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை (பொய்).

இப்போது இடது கண்ணிலும் கசிவு. டிசம்பரில் போட வேண்டிய ஊசிக்குப் போகவில்லை. பிப்ரவரி பத்தாம் தேதியாவது கோயம்புத்தூர் போயாக வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் சொல்வது ஒன்றுதான்: "கிளீனர் சீட்டுல உக்காந்துக்கிட்டு நான் எங்கயும் வாரதில்ல மாப்ள. முடிஞ்சுது."

அவர் மகள் அபிநயா சென்னையிலிருந்து போன் செய்தாள். "மாமா, நீங்க எத்தனையோ பொய் சொல்லி எத்தனையோ பேரை ஏமாத்தியிருக்கீங்க. எங்கப்பாவுக்கும் ஒண்ணு சொல்லக்கூடாதுங்களா?" என்று அழுதாள்.

"அழாத சாமி. பெருசாவே சொல்லிடறேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டார். கடல் என்றால்? அந்தச் சீட்டில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் போதும். பாக்கியைப் பார்த்துக்கொள்ளலாம்.

22 ஜனவரி

தூண்டில் கம்பு வந்து சேர்ந்தது. நீளம் பதிமூன்று அடி என்று அட்டையில் போட்டிருக்கிறான். அவன் அளந்தது எந்த ஊர் அடியோ. நான் கடைவாசலில் நின்று ஒரு வீசு வீசினேன், முள் மோகனூர் காவிரியில் போய் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாகக் கழற்றி அனுப்பினார்கள்.

கம்பை மணலில் நட்டுவைக்க ஒரு குழாய் வேண்டுமாம். போர்வெல் கேசிங் பைப்பில் மூன்றடி வெட்டி, ஒரு முனையைச் சீவிவிட்டேன். கடல் முழுக்க எதிர்த்து வந்தாலும் அசையாது.

23 ஜனவரி

இன்று வழித்தடத் திட்டம். மச்சான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் சமையற்கட்டில் அங்கம்மாள் அக்காவிடம், அவர் காதில் விழுகிற மாதிரி விளக்கினேன். "திருச்சி, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை. அங்கிருந்து கடலோரமா வடக்க ஏறி தரங்கம்பாடி."

குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"போற வழியில வேதாரண்யத்துல ஒரு டீ."

"ஏம்மாப்ள, அப்படியே இலங்கைக்குப் போயி குடிக்கறது?" உள்ளேயிருந்து குரல்.

"வேற வழி எதுங்க மச்சான் இருக்குது?"

"கிறுக்கா உனக்கு? துறையூரு, பெரம்பலூரு, அரியலூரு, ஜெயங்கொண்டம். அணைக்கரைப் பாலம் குறுக்கம். ஒரு பக்கம் விட்டுத்தான் மறுபக்கம் விடுவான், கால்மணி நேரம் நிக்கோணும். அக்கட்டால போனா மாயவரம். டீயைப் பத்திப் பேசறான் பாரு."

அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். ஒன்பது மாதத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை. கழுநீர் அவள் சேலையில் வழிந்துகொண்டிருந்தது. நான் கவனிக்காத மாதிரி புதுக்கோட்டையின் பெருமைகளைப் பேசினேன். இன்னும் நான்கு வசவு கிடைத்தது. சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருந்தது.

25 ஜனவரி

தூண்டிலுக்குப் பாரம் வேண்டும். என் கடையில் பழைய ரிம்மிலிருந்து பிடுங்கிய பேலன்சிங் ஈயம் ஒரு டப்பா கிடந்தது. அடுப்பும் கரண்டியுமாக மச்சான் வீட்டு வாசலில் உட்கார்ந்து உருண்டை உருண்டையாக ஊற்ற ஆரம்பித்தேன்.

மச்சான் நிலைப்படிக்கு வந்தார். "உருண்டையா ஊத்துனா அலை உருட்டிக்கிட்டே கரைக்குக் கொண்டாந்துரும். மேட்டுல லோடு வண்டி நின்னா டயருக்கு என்றா போடுவ?"

"கட்டைங்க."

"அந்த மாதிரி சரிவா, முனை வச்சு இருக்கோணும். மண்ணுல குத்தி நிக்கும்."

காய்ந்த செங்கல் ஒன்றை எடுத்தார். உளியால், விரலால் தடவித் தடவி, தலைகீழ்க் கோபுரம் மாதிரி ஒரு குழி குடைந்தார். அவ்வளவு அழகு. "கரண்டியைக் கொண்டா" என்றார். கொடுத்தேன்.

ஈயம் அச்சுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, வெறுந்தரையில் விழுந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஏன்டா பூபதி குடுத்த? அறிவிருக்கா உனக்கு? ஒரு கண்ணுல தூரம் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?

26 ஜனவரி

கடை விடுமுறை. மச்சான் வீட்டுக்குப் போகவில்லை.

27 ஜனவரி

போனேன். வழியெல்லாம் ஒரு வேடிக்கைப் பேச்சை உருட்டிக்கொண்டு போனேன், வாசலில் வாயிலிருந்து வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சீட்டுக்காக இல்ல மாப்ள. கிளீனர் சீட்டுன்னு சும்மா சொல்லிட்டிருந்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து டாக்ஸியில கூட்டியாந்தாங்கல்ல... வலப்பக்கம் மொத்தமும் இருட்டு. எதிர்ல வர்ற வண்டி எங்க வருதுன்னே தெரியல. திடீர்னு மூஞ்சிக்கு நேரா முளைக்குது. பெருந்துறை தாண்டறதுக்குள்ள நூறு தடவை காலை அமுக்குனேன், இல்லாத பிரேக்கை. டிரைவர் பாத்துச் சிரிச்சான்."

முப்பத்து நாலு வருஷம் மலைப்பாதையெல்லாம் இறக்கின கால்.

"நீங்க ஓட்டறப்ப கிளீனர் இடப்பக்கம் பாத்துச் சொல்லுவான்லங்க" என்றேன். "அதே மாதிரி வலப்பக்கம் நான் சொல்றேனுங்க மச்சான். ஒண்ணு விடாம. கடல் வரைக்கும்."

"இருநூறு கிலோமீட்டரும் சொல்லுவியா?"

"பேசறதுக்கு நான் அலுத்துக்கிட்டதைப் பாத்திருக்கீங்களா?"

மச்சான் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஈயத்தைக் காச்சு. அச்சு என்னோடது. நீ ஊத்து" என்றார்.

29 ஜனவரி

தை அமாவாசை. இரைக்காக நான் வைத்திருந்த கோழிக்குடலை அக்கா தன் ஃபிரிட்ஜில் கண்டுபிடித்தாள். "இன்னைக்குப் பாத்தாடா, ஊட்டுக்குள்ள?" நானும் குடலும் ஒருசேர வெளியேற்றப்பட்டோம்.

31 ஜனவரி

நாளை காலை ஆறு மணி. என் ஆம்னி வேனுக்கு டீசல் போட்டாச்சா என்று மச்சான் கேட்டார். அது பெட்ரோல் வண்டி என்றேன். அப்படி ஒரு முகச்சுளிப்பு.

வருவாரா?

1 பிப்ரவரி

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து நாலு டயரையும் காலால் தட்டினார். கதவுப் பிடியில் கைவைத்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அக்கா கேட்டுக்குள் மூச்சுவிடாமல் நின்றாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன், அது உடையும் அளவுக்குத் துடைத்தேன்.

ஏறினார்.

"ரைட்ல பால் வண்டி, தூரமா வருது. இப்பத் தாண்டுது. போயிருச்சு. ரைட்ல பஸ்ஸு, அவன் பாதையிலேயே வாரான். போயிருச்சு. ரோடு காலிங்க." துறையூர் வரை அவர் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது. பெரம்பலூரில் என் தொண்டை கட்டிவிட்டது. டீ குடித்து, மறுபடி ஆரம்பித்தேன். அணைக்கரையில் கால்மணி நேரம் நின்றோம். "சொன்னன்ல" என்றார் மச்சான், பாலத்தையே தான் கட்டினவர் மாதிரி.

கரையில் இறால் விற்கும் அம்மா எங்கள் டப்பாவை முகர்ந்துவிட்டு, "கோழிக்குடலா? மீனுக்கு வைக்கிறீங்களா, மீனை வெரட்டுறீங்களா?" என்று கேட்டு, ஒரு கை இறால் அள்ளிப் போட்டது. எங்கள் கட்டை ஈயம் மண்ணில் குத்தி நின்றது. பக்கத்தில் வீசினவர்களின் உருண்டையெல்லாம் கரைக்கு உருண்டு வந்தது. எங்கே வாங்கினீங்க என்று கேட்டார்கள். மச்சான் கடலைப் பார்த்துக்கொண்டார்.

சாயந்திரம், வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை இறங்கினார். "கீழ மண்ணு ஓடுது மாப்ள" என்றார்.

2 பிப்ரவரி

கேளுங்கள் மக்களே. இறங்குபாலத்தின் நுனியில் மச்சான் தூண்டில் நரம்பில் விரல் வைத்து நிற்கிறார். ஒரு இழுப்பு! பாலம் தன் தூண்களோடு நாலடி கிழக்கே நகர்ந்தது. நீருக்கு மேலே வந்த தலை எங்கள் ஊர் தண்ணீர்த் தொட்டி அளவு. கண்கள் டிரெய்லர் ஹெட்லைட். பாலத்தையும் எங்களையும் நாகப்பட்டினம் வரை இழுத்துப் போனது. எதிரே வந்த கப்பலின் கேப்டன் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். ஆம்னியில் இடமில்லாததால் மன்னித்து விட்டுவிட்டோம். திரும்பும் வழியில் வெற்றி வீரர் அரியலூர் தாண்டித் தூங்கிப்போனார். குறட்டையில் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள் ஆடின.

10 பிப்ரவரி, கோயம்புத்தூர்

கண் ஆஸ்பத்திரி வராந்தா. மச்சான் உள்ளே இருக்கிறார். காலையில் நான் ஹாரன் அடிக்கும் முன்பே கேட்டுக்கு வெளியே நின்றார். பெருந்துறையில் இட்லி நன்றாக இருந்தது என்றார். அபிநயா சென்னையிலிருந்து நேராக வந்துவிட்டாள்.

"மாமா, அந்த மீன் எவ்வளவு பெருசு? அப்பா கேட்டா சிரிக்கறாரே ஒழிய சொல்லமாட்டேங்கறாரு."

கையை விரித்துக் காட்டினேன். வராந்தா பத்தவில்லை.

இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். மீன் ஒரு கிழங்கான், உள்ளங்கை நீளம். பாலம் நகரவில்லை. கப்பல் இல்லை. புகைபோக்கிகள் ஆடவில்லை, குறட்டையே இல்லை.

ஆனால் தூங்கினார். அது நிஜம். இன்னொருத்தர் ஸ்டீரிங் பிடிக்கிற வண்டியில் ஆயுசில் கண்ணயராத மனுஷன். நான் சொல்லிக்கொண்டே வந்தேன், 'ம்' வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்து தூங்குகிறார். வலது கால் சும்மா கிடக்கிறது. நிறுத்த மனம் வரவில்லை எனக்கு. துறையூர் வரை சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னேன். டிராக்டர் ஒண்ணு, தூரமா வருதுங்க. போயிருச்சு. பஸ்ஸு. போயிருச்சு. ரோடு காலிங்க மச்சான்.