ஷிபான் பள்ளிக்கு நான் கொடுத்த பயிற்சி

அன்புள்ள சாங்ஃபு,

உங்கள் கடிதம் வந்தது. பட்டறைப் புகையில் நிற்கும்போது வாயில் துணி கட்டிக்கொள்ளுங்கள். புளிக்கவைத்த மீன் ஒரு ஜாடி உங்கள் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். இங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை.

மலைமேல் இருக்கும் ஷிபான் பள்ளியை மூடிவிட்டார்கள். மூடவைத்தது நான்தான்.

ஒரே அறை, பத்தொன்பது பிள்ளைகள், லோங் என்று ஒரே ஆசிரியர். அவருக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை போய்வந்தேன். அதிகாரிகள் பாடம் பார்க்க வரும் நாளுக்கு நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதே பாடத்தை ஐந்து தடவை முன்கூட்டியே நடத்திவிடுவார்கள். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பார்ப்பவருக்கு அறை முழுக்கக் கை தெரியும். ஆசிரியர் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்புவார். நீங்களே இடது கையைத் தூக்கித் தப்பித்தவர்தானே.

லோங்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார். நான் விடவில்லை. புரியாததைப் பிள்ளைகள் சொன்னால்தான் உங்களால் சொல்லித்தர முடியும் என்றேன். "டவுன்ல இருந்து வர்றீங்க, நல்லாப் பேசுறீங்க டீச்சரம்மா. வர்றவங்க இதுக்கு மார்க் போடுவாங்களா?" என்று சிரித்தார். போடுவார்கள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

அவரும் மாறினார். கழித்தல் புரியவில்லை என்று பிள்ளைகள் எழுந்து சொன்னார்கள். மக்காச்சோள மணிகளைப் பரப்பிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரிகள் வந்த அன்று, கேட்ட கேள்விக்கு நான்கு கைகள்தான் உயர்ந்தன. ஒரு சிறுமி எழுந்து, "எனக்கு இன்னும் புரியல சார்" என்றாள். வந்தவர்களில் ஒருவர் நோட்டை மூடினார். நான் விளக்கப் போனேன். "நீங்க பயிற்சி குடுத்தும் இந்த லட்சணமா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அதன் பிறகுதான் பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

இப்போது ஆறு வயதுப் பிள்ளைகள் டவுன் பள்ளியின் விடுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுக்கிறார்கள். வாரம் முழுக்க அழுகைதான். லோங் அதே பள்ளியின் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்குகிறார். மன்னிப்புக் கேட்கப் போனேன். குடிக்க வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். "நீங்க சொன்னது சரிதாம்மா. பசங்க நிஜமாவே கத்துக்கிட்டாங்க. அதான் மனசு ஆற மாட்டேங்குது" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

திங்கட்கிழமை அடுத்த மலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே இருப்பது இருபத்திரண்டு வயதுப் பெண். நான் சொல்வதை அப்படியே செய்வதாக இப்போதே சொல்லியனுப்பியிருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லிக்கொடுக்கவும் வாய் வராது, மெய் சொல்லிக்கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

சீக்கிரம் பதில் போடுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை. நான் செய்தது சரி என்று மட்டும் நீங்களும் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மெய்யிங்