பதில் ஆள் சீட்டு

நவம்பர் 14
பணியாளர் விடுதி

அன்புள்ள ஆஷிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மர்யமும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

நாலு நாளாக போன் எடுக்கவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திங்கட்கிழமை எல்லாருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆலைக்குள் எடுத்த படம் ஒன்று வெளியே போய்விட்டதாம். சண்டைக் காலத்தில் அது ஆபத்து என்கிறார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் மட்டும் எழுதலாம். ஆகவே கல்யாணத்துக்கு முன்பு எழுதிய மாதிரி உனக்குக் கடிதம். அப்போது உன் அத்தா பிரித்துப் படித்துவிடுவாரோ என்று பயந்து பயந்து எழுதினேன். இங்கே செக்யூரிட்டி படிப்பார், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது.

குண்டுச் சத்தம் தூரத்தில்தான் கேட்கிறது, பயப்படாதே. பெரிய பிரச்சினை வேறு. இந்தப் பாலைவன ஊரில் மழையும் இல்லை, ஆறும் இல்லை. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் எங்கள் ஆலை ஒரு நாள் நின்றால் ஊர் முழுக்கக் குடம் காலி. ஆனால் நூற்று இருபது பேரையும் இங்கே வைத்திருக்க முடியாது. நாற்பது பேர் இருந்தால் போதும், மற்றவர்களைச் சுற்றுச் சுற்றாக விமானத்தில் ஊருக்கு அனுப்பலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. யார் போவது, யார் இருப்பது என்ற பட்டியலை எழுதும் வேலை, கன்ட்ரோல் ரூம் ஷிப்டோடு சேர்த்து, என் தலையில்.

மேனேஜர் பழைய வழியில் கீழ்ச் சம்பளக்காரர்களை முதலில் அனுப்பலாம் என்றார். அப்படிப் பார்த்தால் முதலில் போகிறவர் சமையல்காரர் பக்கிரி அண்ணன். தரங்கம்பாடிப் பக்கத்து மனிதர், அவர் போனால் மறுநாளே பாதிப் பேர் நடந்தாவது ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் நான் ஒரு சீட்டு அடித்து எல்லாரிடமும் கொடுத்தேன். பெயர், வேலை, அதற்குக் கீழே 'நான் இல்லாவிட்டால் இதைச் செய்யக்கூடியவர்'. பதில் ஆள் இருக்கிறவர் போகலாம். பதில் ஆள் இல்லாதவர் பணியிடத்தை விட்டு நகரக் கூடாது. பக்கிரி அண்ணன் அந்த வரியில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, மீன் கழுவப் போய்விட்டார்.

மர்யமுக்கு என் முத்தம். உன் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

உன்
ஜாபிர்


நவம்பர் 18
சீர்காழி

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். கடிதம் வந்தது. நாலு நாள் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், இரண்டு நாளுக்கானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போனைப் பூட்டிய அன்றே மெயில் போட்டிருக்கலாம் அல்லவா?

இங்கே டெங்கு. மழை விட்டுவிட்டுப் பெய்து, வாய்க்கால் ஓரமெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது. அறுபது கட்டிலில் தொண்ணூறு பேர் படுத்திருக்கிறார்கள். என் கீழே முப்பத்தொரு நர்ஸ்கள், அதில் ஒன்பது பேருக்கே காய்ச்சல். மற்றவர்களில் பாதிப் பேர் வீட்டு வயலில் சம்பா மூழ்கிக் கிடக்கிறது, கண் இங்கே இருந்தாலும் மனசு வடிகாலில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு டியூட்டி போட்டு ஓட்டுகிறேன். நானும் ஒரு வாரமாக ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில்தான். மர்யமைக் குத்தாலத்தில் உங்கள் அக்காவிடம் விட்டிருக்கிறேன். ரசியா மதினி அவளுக்கு மூன்று வேளையும் முட்டை கொடுக்கிறார்கள், நான் போய்ச் சேரும்போது எனக்கே அடையாளம் தெரியாது.

உங்கள் சீட்டைப் படித்ததும் எனக்குக் கை அரித்தது. உடனே நானும் அச்சடித்து இருபத்திரண்டு பேரிடம் கொடுத்தேன். இப்படி விழுந்து விழுந்து வேலை செய்தால் எல்லாரும் படுத்துவிடுவார்கள், முறை வைத்து இரண்டு இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஆசை. சாயங்காலம் சீட்டுகளைப் பிரித்தால் பதினேழு பேர் எழுதியிருந்த பெயர் ஒன்றே: சந்திரலேகா. என் துணைக் கண்காணிப்பாளர், தெரியும் அல்லவா? பெரியவர் இருக்கும்போது வேறொருத்தி பெயரை எழுதினால் மரியாதைக் குறைவாம். உங்கள் சட்டப்படி எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், சந்திரலேகா மட்டும் தனியாக ஆஸ்பத்திரியை நடத்துவார். அவரிடம் காட்டினேன். சீட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் என்னையே நம்புறாங்களே, இதை முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பட்டுப்புடவை கேட்டிருப்பேன்" என்றார்.

உங்கள் ஆட்கள் எப்படி உண்மையை எழுதினார்கள்? அதைச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு கேள்வி. உங்கள் சீட்டில் யார் பெயரை எழுதினீர்கள்? உங்கள் பெயர் பட்டியலில் எங்கே இருக்கிறது?

உங்கள்
ஆஷிகா


நவம்பர் 21

அன்புள்ள ஆஷிகா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் செக்யூரிட்டி எழுந்து வந்து பார்த்தார்.

இங்கேயும் முதலில் அப்படித்தான் ஆயிற்று. ஆளாளுக்குக் கூட்டாளி பெயரை எழுதினார்கள். அப்புறம் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'அவர் அந்த வேலையைக் கடைசியாகச் செய்த தேதி'. பெயரை மரியாதைக்கு எழுதலாம், தேதியை அப்படி எழுத முடியாது. செய்திருந்தால்தான் தேதி இருக்கும். இரண்டு நாளில் ஆலையே வேறு மாதிரி தெரிந்தது. பெரிய பதவிக்காரர்கள் பலருக்கு மூன்று நான்கு பதில் ஆட்கள். பம்ப்புகளுக்கு எண்ணெய் விடுகிறவருக்கு ஒருவரும் இல்லை.

நீயும் தேதி கேட்டுப் பார். என்ன வந்தது என்று மறக்காமல் எழுது, எனக்கு அறிய ஆவலாக இருக்கிறது.

என் சீட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதல் சுற்றில் ஐம்பது பேர் போகிறார்கள், அந்த வேலை முடியட்டும். மர்யம் முட்டையை ஒளித்து வைத்தால் அக்காவிடம் காட்டிக்கொடுக்காதே.

உன்
ஜாபிர்


நவம்பர் 26

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தேதி கேட்டேன், இந்த முறை நர்ஸ்களோடு வார்டு வேலையாட்களிடமும். பதினேழு சந்திரலேகாக்கள் மூன்றாகக் குறைந்தார்கள். யார் யாருடைய வார்டை எப்போது பார்த்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. இப்போது ஆறு பேர் வீட்டில் தூங்குகிறார்கள். அவர்கள் வந்ததும் அடுத்த ஆறு.

ஆனால் தேதிக் கட்டம் காலியாக வந்த ஒரே சீட்டு யாருடையது தெரியுமா? சௌந்தரநாயகி அம்மாளுடையது. வார்டு சுத்தம் செய்து, படுக்கை விரிப்பு மாற்றி, துவைக்கப் போடுகிறவர். சீட்டைக் கையில் வாங்கி, என்னையே எழுதச் சொன்னார். யார் பெயர் என்றேன். "எனக்கு யாரும்மா வருவா? மூணு வருசமா நான் லீவே போடலியே" என்றார். பேசும்போது கையைத் தொட்டேன், சுட்டது. நூற்று இரண்டு. காய்ச்சலோடு காய்ச்சல் வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பதினாறு வருடமாக ஆள் நிர்வாகம் செய்கிறேன் என்று பெருமையடிக்கிறேனே, எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அவரைப் படுக்க வைத்துவிட்டு அன்றைக்கு விரிப்புகளை நான் மாற்றினேன். அதனால் அவர் சீட்டில் இப்போது என் பெயரும் தேதியும் இருக்கின்றன. மறுநாள் நடராசனுக்கும் கற்றுக்கொடுத்தேன். லிப்ட் பார்க்கிறவர், கொஞ்சம் முகம் சுளித்தார், செய்தார்.

ஐம்பது பேர் போகிற பட்டியல் எழுதி முடித்திருப்பீர்கள். நான் கேட்ட இரண்டு கேள்வியும் அப்படியே இருக்கின்றன. மூன்றாம் முறை கேட்க வைக்காதீர்கள்.

உங்கள்
ஆஷிகா


நவம்பர் 29

அன்புள்ள ஆஷிகா,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் சுற்று நேற்றுக் கிளம்பிவிட்டது. என் பெயர் அதில் வரவில்லை. சட்டப்படி பார்த்ததில் அப்படித்தான் அமைந்தது, என் கையில் ஒன்றும் இல்லை. நீ புரிந்துகொள்வாய்.

நம் பக்கத்துத் தெரு பாசித் வருகிறான். மர்யமுக்கு ஒரு பொம்மை ஒட்டகம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சௌந்தரநாயகி அம்மாளுக்கு என் ஸலாம் சொல். இங்கே எல்லாம் அமைதி.

உன்
ஜாபிர்


டிசம்பர் 5
சீர்காழி

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாசித் வந்தான். ஒட்டகத்தைக் கொடுத்துவிட்டு உட்காராமலே நின்றான். டீ கொடுத்தேன், ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தானாகவே சொன்னான்: "கன்ட்ரோல் ரூம்ல ரெண்டு பேருல ஒருத்தர் போலாம்னு இருந்துச்சு மதினி. அண்ணன் சீட்டுல என் பேரு, என் சீட்டுல அண்ணன் பேரு. தேதியும் சரியாத்தான் இருந்துச்சு. காலையில பார்த்தா பட்டியல்ல என் பேரு."

அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அதனால் அனுப்பினீர்கள், தெரிகிறது. நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் 'சட்டப்படி அமைந்தது, என் கையில் ஒன்றும் இல்லை' என்று எனக்கு எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் வலித்தது. அந்தப் பேனா உங்கள் கையில்தான் இருந்தது. என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

கோபத்தில் நாலு பக்கம் எழுதினேன். அனுப்பும் முன் டியூட்டிப் பட்டியல் போட வேண்டி வந்தது. மற்ற எல்லாரும் ஒரு முறை வீட்டுக்குப் போய் வந்தாயிற்று. மிச்சம் நானும் சந்திரலேகாவும். ஒருவர் போகலாம். எனக்குப் பதில் அவர், அவருக்குப் பதில் நான். யோசிக்கவே இல்லை மச்சான், அவர் பெயரை எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் என்ன செய்தேன் என்று பார்த்தேன். அந்த நாலு பக்கத்தையும் அழித்துவிட்டேன்.

அன்று மதினி போனில் மர்யம் பேசினாள். இருபத்தைந்து நாளாயிற்று நான் அவளைப் பார்த்து. அழவில்லை, சண்டை போடவில்லை. "அம்மா, உனக்கு லீவு குடுக்கிறது யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்லாமல், மதினியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. பட்டியல் எழுதுகிறவர் தன் பெயரைக் கடைசியில் போடுவது நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நிற்பது நாம் இல்லை, ஏழு வயதுப் பெண் நிற்கிறாள்.

ஆகவே உங்களுக்காக நானே ஒரு சீட்டு நிரப்பியிருக்கிறேன்.

பெயர்: ஜாபிர்
வேலை: மர்யமின் அத்தா
இவர் இல்லாவிட்டால் இதைச் செய்யக்கூடியவர்: ஒருவரும் இல்லை
அவர் கடைசியாகச் செய்த தேதி: –

பதில் ஆள் இல்லாதவர் பணியிடத்தை விட்டு நகரக் கூடாது. சட்டம் உங்களுடையது. எந்தப் பணியிடம் என்று நீங்களே சொல்லுங்கள். இனி நான் கேட்க மாட்டேன்.

ஆஷிகா


டிசம்பர் 15

அன்புள்ள ஆஷிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்து நாள் பதில் எழுதவில்லை. நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், மன்னித்துக்கொள். வெறும் வார்த்தையை எழுதி அனுப்பக் கூசியது, அதனால் வேலையை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

உன்னிடம் பொய் சொன்னேன். நீ 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

இன்னொரு பொய் எனக்கே சொல்லிக்கொண்டது. பாசித் போனபின் கன்ட்ரோல் ரூமுக்கு வேறு ஆள் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். ஆள் இருந்தார். செல்லத்துரை என்று ஒருவர், ஆறு வருடமாக என் பக்கத்து நாற்காலியில் அளவு குறித்துக்கொண்டிருந்தவர். அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்த தேதியே இல்லை, ஏனென்றால் நான் ஒரு நாளும் அவருக்காக எழுந்திருக்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் எழுந்தேன். ஒன்பது ஷிப்ட் அவர் ஓட்டினார். முதல் இரண்டில் நான் பின்னால் நின்று வாயைத் திறந்துகொண்டே இருந்தேன். மூன்றாவதில் பக்கிரி அண்ணன் வந்து என்னை வெங்காயம் நறுக்கக் கூட்டிப்போய்விட்டார். தண்ணீர் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

நேற்று இரண்டாம் சுற்றுப் பட்டியல் எழுதினேன். முதல் வரியில் என் பெயரை எழுதக் கை கூசியது. எழுதிவிட்டேன்.

நீ அனுப்பிய சீட்டில் திருத்த ஒன்றும் இல்லை. உன் பெயரில் ஒன்று யாரும் நிரப்பவில்லை போலிருக்கிறது. நான் நிரப்பி அனுப்புகிறேன். சந்திரலேகா அம்மாளிடம் காட்டு.

பெயர்: ஆஷிகா
வேலை: மர்யமின் அம்மா. சோறு ஊட்டுவது, தலை பின்னுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது
இவர் இல்லாவிட்டால் இதைச் செய்யக்கூடியவர்: ஜாபிர்
அவர் கடைசியாகச் செய்த தேதி: இரண்டு வருடத்துக்கு முன்பு. தலை பின்னியது கிடையாது. பயிற்சி தேவை. 19-ஆம் தேதி காலை பணியில் சேருகிறார்.

ஜாபிர்