விரலால் போட்ட கையெழுத்து

மார்ச் 4
கடை திறந்ததுமே ஓனரின் மகன் வந்து நின்றார். ஓனர் இறந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. ஓனரம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் திறப்பதற்குள், "இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கக்கா. வேற ஆள் பார்த்தாச்சு" என்றார்.

இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறதே! லேமினேட் செய்து வைத்திருந்த தாளை நீட்டினேன். ஜனவரி முதல் வாரம் ஓனர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போனில் விரலால் கையெழுத்துப் போட்டு மெயிலில் அனுப்பியது. மகன் சிரித்தார். "இது கையெழுத்தாக்கா? கோழி கிளறின மாதிரி இருக்கு. பேனாவால போட்டாத்தான் செல்லும்."

அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து எப்படிச் சிரிப்பு வந்தது?

மார்ச் 5
சோறு இறங்கவில்லை. பதினோரு வருடக் கடை. ஜெராக்ஸ் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போவேன்?

மார்ச் 7
வக்கீலம்மாவிடம் போனோம், நானும் இவரும். "போன்ல போட்டதுங்கற ஒரே காரணத்துக்காக ஒரு கையெழுத்தைத் தள்ள முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்லுது. உயில் மாதிரி சிலதுக்குத்தான் பேனா வேணும். ஆனா ரெண்டு பேரும் போன்லயே முடிச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டிருக்கணும். அவர்தான் போட்டார்னும் தெரியணும்" என்றார். வயிற்றில் பால் வார்த்தார், மகராசி.

அடுத்து, "மெயில் இருக்குல்ல? யாரு, எப்ப போட்டாங்கன்னு அதுலதான் பதிவாயிருக்கும்" என்றார்.

இல்லை. லேமினேட் செய்த கையோடு அழித்துவிட்டேன், போனில் இடமில்லை என்று. ஊரார் சான்றிதழுக்கெல்லாம் பிளாஸ்டிக் போட்டுப் போட்டு, பிளாஸ்டிக் போட்டால் எதுவும் பத்திரம் என்று மண்டையில் ஏறிவிட்டது. வரும் வழியெல்லாம் இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கே இவருக்குக் கோயில் கட்டலாம்.

மார்ச் 8
ஓனர் போனில் அந்த மெயில் இருக்குமா என்று ஓனரம்மாவிடம் கேட்கலாமா? பெற்ற மகனுக்கு எதிராக ஒரு தாயிடம் எந்த முகத்தோடு கேட்பது — வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மார்ச் 10
கேட்டேவிட்டேன், அழுதுகொண்டே. ஓனரம்மா அலமாரியிலிருந்து ஓனருடைய போனை எடுத்தார். இன்னும் தினமும் சார்ஜ் போடுகிறாராம். மெயில் இருந்தது, நாள், நேரம் எல்லாவற்றோடும். கையெழுத்துப் போட்ட அன்று காலை அவர் எனக்கு அனுப்பி, நான் மெயிலோடு அழித்துவிட்ட செய்தியும் இருந்தது: "பேனா பிடிக்க முடியலம்மா. போன்லயே முடிச்சுடுவோம்."

"அவர் கொடுத்த வாக்கு இது. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் ஓனரம்மா. இந்த மனசுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்!

மார்ச் 14
வக்கீலம்மா முன்னால் மகன் எல்லாவற்றையும் படித்தார். "அப்பா போட்டதுதான். நீங்களே இருங்கக்கா." முகம் உர்ரென்றுதான் இருந்தது. இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

மார்ச் 15
அப்பாடா.

மார்ச் 19
ஓனரம்மா கடைக்கு வந்தார். நன்றி சொல்ல எழுந்தால் கையமர்த்தினார். "அந்தக் கையெழுத்தை இன்னொரு தடவை காட்டும்மா."

ஓனர் போனிலிருந்து அனுப்பிக்கொண்டதைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கினேன். முதல் எழுத்தில் இரண்டு இடத்தில் விரல் நடுங்கியிருந்தது.

"அவர் கடைசியாப் போட்டது இதுதான். இதுக்கப்புறம் என் கையை மட்டும்தான் பிடிச்சிருந்தார்" என்று சொல்லி, திரையில் அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக விரலை ஓட்டினார். வாசலில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.