தண்ணீர் படாத அபிஷேகம்

மேட்டகள்ளி, மைசூரு
கார்த்திகை சோமவாரம்

அன்புள்ள அம்மிணி ஸ்வாதிக்கு,

அப்பா எழுதுவது. சண்டிகரில் குளிர் தொடங்கியிருக்கும், நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் பத்திரமாகப் போய்வர மாதேஸ்வரன் துணையிருப்பான். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நீ போன் பண்ணும்போதெல்லாம் உன் அம்மா சென்னம்மா பக்கத்திலேயே நின்று ஸ்பீக்கரில் போடுங்கள் என்கிறாள், அவள் காதுபடச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. நீயும் ஸ்கூட்டர் எடுத்திருக்கிறேன், மாதேஸ்வரன் மலை விபூதியை அம்மா கையால் மடித்து அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். எப்படியும் தபாலில் பொட்டலம் போகிறது, கூடவே நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நாலு வரியில் அடங்காது போலிருக்கிறது.

நம்ம கரண்ட் லோடு ஆட்டோ தீபாவளி கழிந்து நின்றுபோனதும், வாரண்டியில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொன்னேன். நீயும் பரவாயில்லையே, நல்ல கம்பெனிதான் என்றாய். நல்ல கம்பெனி! தேவராஜ மார்க்கெட் வாசலில் கொத்தமல்லியும் கீரையும் ஏற்றி நிற்கிறேன், சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் நிற்கிற வண்டிக்காரன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான், என்னைத் திட்டினால் வண்டி நகர்ந்துவிடும் என்று நினைப்பு. கீரை வெயிலில் துவண்டது, ஹாஸ்டல் மெஸ்காரர் அன்றைக்கே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ரிங் ரோட்டு ஷோரூமில் விட்டேன். வாரண்டி இருக்கிறது, நாளைக்கே வந்துவிடும் என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. வயிறு சும்மா இருக்குமா, முன்னே மூட்டை தூக்கின அதே மார்க்கெட்டில் மறுபடி மூட்டை தூக்கப் போனேன். தோள்பட்டை வலி உனக்குத் தெரியாமல் இருக்கத்தான் அந்த நாட்களில் வீடியோ கால் வேண்டாம், சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடையில் சர்வீஸ் அட்வைசர் என்று ஒருவர் இருக்கிறார், பசவராஜ் என்று பெயர், நல்ல பிள்ளை மாதிரிதான் பேசுவார், அதுதான் வினை. வண்டி சென்னம்மா பெயரில் இருப்பதால் அவளும் வர வேண்டும் என்றார்கள், கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, தசராவெல்லாம் எப்படி, ஆயுத பூஜை எல்லாம் ஜோராகி மாடித்ராம்மா என்று சொந்தக்காரர் மாதிரி விசாரித்தார். உன் அம்மாவுக்கு யாராவது சாமி விஷயம் கேட்டால் போதுமே, முகம் மலர்ந்து, ஜோராகா சார், அபிஷேகானே மாடித்தீவி என்று, அபிஷேகமே செய்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னாள். அவள் பாஷை உனக்குத் தெரியும். நீ பரீட்சைக்குப் போகும்போது பேனாவில் விபூதி தொட்டு வைத்தாலும் அபிஷேகம், என் உச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாலும் அபிஷேகம். ஆயுத பூஜை அன்றைக்கு அவள் செய்தது ஈரத்துணியால் வண்டியைத் துடைத்து, முன்கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி இழுத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாளோ இல்லையோ என்று தெளித்தது, அவ்வளவுதான். அந்த மனுஷன் தலையாட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். என்ன தட்டினார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை போனபோது சொல்கிறார்கள், சீட்டுக்கு அடியில் இருக்கிற கண்ட்ரோலர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது, கஸ்டமர் பூஜை செய்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார், அதனால் வாரண்டி கிடையாது. யாரய்யா ஊற்றினது என்று கேட்டால், அபிஷேகம் மாடித்தீவி என்று அம்மாவே ஒப்புக்கொண்டாரே என்கிறார் பசவராஜ். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ஆடி மாத மழையில் இதே வண்டி இதே மாதிரி நின்று, இவர்களுடைய ஆளே வந்து எதையோ கழற்றி மாட்டி, சின்ன விஷயம், இதற்கெல்லாம் ரசீது எதற்கு என்று சொல்லிவிட்டுப் போனானே, அது எந்த அபிஷேகம்? கேட்டேன். அப்படி ஒன்றும் ரெகார்டில் இல்லையே என்றார்கள். சரி, வண்டி டெலிவரி கொடுத்த அன்றைக்கு நீங்கள்தானே தேங்காய் உடைத்து, அந்தத் தேங்காய்த் தண்ணீரை வண்டி மேலேயே கவிழ்த்து, எல்லோரையும் கைதட்டச் சொன்னீர்கள் என்றேன். நான் வாயால் மட்டும் சொல்லவில்லை, அவர்கள் சுவரில் சிரித்த முகங்கள் என்று ஒட்டியிருக்கிறார்களே, அதில் உன் அம்மா சிரிக்கிறாள், பக்கத்தில் வண்டி நனைந்து நிற்கிறது. மேனேஜர் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, அது ஷோரூம் வழக்கம் சார், அது வேறு, இது வேறு என்றார். என்ன வேறு? அவர்கள் கை பட்டால் வழக்கம், நம் கை பட்டால் குற்றம்.

இந்த இடத்தில்தான் நீ அம்மாவைப் பற்றி நினைக்க வேண்டும். நான் கத்தக் கத்த அவள் சுருங்கிக்கொண்டே போனாள். மறுநாள் காலையில் விபூதித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நீங்களே வெச்சுக்குங்க, என் கை வேண்டாமுங்க என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கை படாமல் நான் வேலைக்குப் போனதில்லை. உன் பைத்தியத்தை மூட்டை கட்டி வை, அவன்கள் பொய் சொல்கிறான்கள் என்று சத்தம் போட்டேன், பயந்தாளே தவிர நம்பவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறது பாருங்கள், மெஷின் பொய் சொல்லுமா என்கிறாள். அவள் சொன்ன சொல்லையே அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டு, அவன்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறான்கள்.

நான் விடுவதாக இல்லை. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு எழுதிப்போடுகிறேன் என்று சொன்னதும் மேனேஜர் குரல் இறங்கியது. சரி, எங்கள் நல்லெண்ணத்தில் இலவசமாகவே சரிசெய்து தருகிறோம், ஆனால் தவறு வாடிக்கையாளருடையது, பூஜைத் தண்ணீரால் ஏற்பட்டது என்று ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் போட மாட்டேன் என்று எழுந்துவிட்டேன். வண்டி அங்கேயே துருப்பிடிக்கட்டும், நான் ஆயுள் முழுக்க மூட்டை தூக்குகிறேன், செய்யாத காரியத்துக்கு என் பெண்டாட்டி பேரை எழுத விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் என் பின்னால் இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கிறேன், மேஜை மேல் குனிந்து எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வண்டி அவள் பெயரில்தானே இருக்கிறது, என் கையெழுத்து யாருக்கு வேண்டும்? என்னாலதான்னே இருக்கட்டுமுங்க, அவருக்குத் தோள் வலி தாங்கலீங்க, வண்டியக் குடுத்துருங்க என்று பசவராஜிடம் தமிழில் சொல்கிறாள், பதட்டத்தில் கன்னடம் வரவில்லை. நீ உட்கார வைத்து அவளுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கினாயே, அது இதற்கா உதவ வேண்டும்!

இன்னும் கேள். வண்டி தயார் என்று கூப்பிட்டார்கள், போனோம். முன்னால் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பசவராஜ் கற்பூரத் தட்டோடு நிற்கிறார். சரிசெய்த வண்டியை வெளியே விடும்போது நமது வழக்கம் இது அம்மா, நீங்களே தேங்காய் உடையுங்கள் என்று அவள் கையில் கொடுக்கிறார். வெட்கம் என்று ஒன்று கிடையாது. உன் அம்மா தேங்காயை வாங்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தண்ணி படாமப் பண்ணுங்க சார் என்று மட்டும் சொன்னாள். குத்திக்காட்டவில்லை அம்மிணி, நிஜமாகவே சொன்னாள். அந்த மனுஷனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது, தேங்காயை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். அதைப் பார்த்துக்கூட எனக்கு ஆறவில்லை. வண்டி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது, பழைய மெஸ்ஸும் திரும்பக் கிடைத்தது, ஓட்டும்போது மட்டும் வாயில் கசப்பாகவே இருக்கிறது.

மற்றபடி பக்கத்து வீட்டுக் கமலம்மாள் உன்னை விசாரித்தார், தை மாதம் மகளுக்குக் கல்யாணம், லீவு கிடைக்குமா என்று கேட்டார். குளிருக்குக் காலில் சாக்ஸ் போட்டுத் தூங்கு, ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட் பட்டையை மாட்டு, சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போகாதே.

விபூதிப் பொட்டலத்தைப் பிரித்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், மூலை எல்லாம் கோணிக்கொண்டு பாதி கொட்டியிருக்கும், அது என் மடிப்பு. அவளை மடிக்கச் சொன்னதற்கு, நீங்களே மடிச்சிருங்க, புள்ள வண்டியாவது நல்லா ஓடட்டும் என்று உள்ளே போய்விட்டாள். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், அதனால் நீதான் சொல்ல வேண்டும். இந்த விபூதியை வண்டியில் பூசாதே. போன் பண்ணி, அப்பா மடித்தது எல்லாம் கொட்டிப்போய்விட்டது, அம்மா கையால் வரும்வரை ஸ்கூட்டரைத் தொட மாட்டேன், பஸ்ஸில்தான் போவேன் என்று அழுத்திச் சொல். உன்னைப் பஸ்ஸில் நிற்க விடமாட்டாள், மடித்துவிடுவாள். வந்ததும் நெற்றியில் கொஞ்சம், வண்டியில் கொஞ்சம் என்று தாராளமாகவே பூசிக்கொள். நாளைக்கு வண்டி ரிப்பேரானால் மட்டும், கடையில் யார் எவ்வளவு இனிமையாக விசாரித்தாலும் துணியால் துடைத்தேன் என்று சொல், நம் வீட்டுச் சொல்லை அங்கே சொல்லாதே.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ மாதேஸ்வரன் அருளட்டும். கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, அம்மா வந்து பார்க்கும்படி வைக்காதே.

இந்தத் தாளில் மட்டும் மனமொப்பிக் கையெழுத்துப் போடும்
உன் அப்பா,
ஜடையன்