உங்கட கிணறு

செப். 6, சனி

கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. குசினிக் கூரையில் ஒரு தகரம் கிளம்பிவிட்டது. இப்போதைக்கு மேலே கல். ஆணி அடிக்க ஆள் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:
– தண்ணீர் மிசினுக்குப் புது பெல்ட்
– விதைநெல் வெயிலில் காயப் போட
– பி.செ. கடிதம், மூன்று பிரதி

பிரதேச செயலகக் கடிதம் வந்து நாலு நாள். அடுத்த மாதம் காணி விசாரணை. நாங்கள் இருக்கும் இந்த இரண்டு ஏக்கருக்கு என் பெயரில் பெர்மிட் தருவார்களா, இல்லையா என்பது அதோடு தெரிந்துவிடும். அப்பா காலத்தில் கிடைக்கவில்லை. என் புருசன் காலத்திலும் கிடைக்கவில்லை. இவர் போயே ஆறு வருசம்.

மத்தியானம் போனைத் திறந்தால் பேஸ்புக்கில் நட்புக் கேட்டு ஒரு பெயர். க. முழுப் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன். இந்தக் காணியின் பழைய சொந்தக்காரரின் மகன். அப்பா அவர்களிடம் வேலை செய்தார். எனக்கு அப்போது பத்தொன்பது, அவருக்கு இருபத்திரண்டு. இருபத்தொன்பது வருசமாக ஒரு சொல் இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். நெல்லைக் காயப் போட மறந்துபோனேன்.

செப். 8, திங்கள்

சேர்த்துக்கொண்டேன். சேர்த்துவிட்டு இரண்டு தரம் நீக்கப் பார்த்தேன்.

சந்தேகங்கள்: படத்தில் ஆள் இல்லை, பனி மூடிய மலை மட்டும். நண்பர்கள் முப்பது பேர்கூட இல்லை. “எப்பிடி இருக்கிறாய்?” என்று ஒரே ஒரு வரி.

மகள் தர்சியிடம் யாரோ பழைய ஆள் என்று மட்டும் காட்டினேன். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடதாசியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கள்ள ஐடி என்றாள். காசு கேட்கும் வரை பொறுத்துப் பாருங்கள் என்றாள்.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். “பார்சல் வருகுது, பார்சல் வருகுது எண்டு ரெண்டு மாசம் கதைச்சவனாம். கடைசியில ஆளே இல்லையாம்.”

பெல்ட் கிடைக்கவில்லை. அளவு வேறாம்.

செப். 10, புதன்

நான் லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. பொறி வைத்தேன். திருவிழாவில் வாங்கித் தந்த நீலக் காப்பு இன்னும் கிடக்கிறது என்று எழுதினேன். கிடக்கவும் இல்லை, அது நீலமும் இல்லை.

பதில்: “பச்சைக் காப்பு. அளவு காணாது எண்டு திருப்பித் தந்தனி.”

சரி. அடுத்தது. கடிதம் எங்கே வைப்போம்?

“மிசின் கொட்டில். மண்ணெண்ணெய்க் கானுக்குக் கீழ. உன்ர தேத்தண்ணிப் பேணியும் அங்கதான் ஆணியில தொங்கும்.”

உண்மைதான். கடிதத்தில் எல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும். பேணி கதை வேறு. நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்த ஆட்கள் என்று அவருடைய அம்மா எங்களுக்குத் தேத்தண்ணீர் அந்தத் தகரப் பேணியில்தான் ஊற்றுவார். அது வீட்டுக்குள் போகாது. க. அதை ஏதோ இனிமையான நினைவு மாதிரி எழுதியிருக்கிறார். குத்தியது. ஆனால் ஆள் அவர்தான் போல.

செப். 12, வெள்ளி

கடைசிச் சோதனை. அவர்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். ட்ராக்டரில் சாமான் ஏற்றியாயிற்று. வாசல் படலையடியில் நாலு பேர் மட்டும்: அவருடைய ஐயா, என் அப்பா, அவர், நான். இப்போது இரண்டு பேர் இல்லை. வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. அன்று உங்கட ஐயா எங்கட அப்பாவுக்கு என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

பத்து நிமிசத்தில் வந்தது.

“‘வேலு, நாங்கள் இனித் திரும்பி வரமாட்டம். இனி இது உன்ர காணி. பிள்ளையளோட இருந்து செய்து சாப்பிடு’ எண்டவர். நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அதே சொல். ஒன்றும் பிசகவில்லை. அவர்தான். குசினியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சோறு அடிப்பிடித்தது.

பிறகு கை நிற்கவில்லை. அன்று வேலிக்குப் பின்னால் நின்று ட்ராக்டர் மறையும் வரை பார்த்தது, கலியாணத்தன்று மணவறையில் இருந்தும் அவரை நினைத்தது, எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை. சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லப் போவதில்லை.

செப். 19, வெள்ளி

தினமும் பதினொரு மணிக்கு எழுதுகிறார். அவர் இருக்கும் சுவிஸில் அது காலை, வேலைக்குப் போகும் நேரம். நான் பத்தரைக்கே சமையலை முடித்துவிடுகிறேன்.

படம் கேட்கிறார். ஊரைப் பார்க்க ஆசையாம். அனுப்பியவை:
– கிணறு
– வடக்கு வேலி, வாய்க்கால் வரை
– அவருடைய ஐயா வைத்த தென்னைகள் (ஏழு நிற்கின்றன என்றும் சொன்னேன்)
– கல்வீடு, முன்னும் பின்னும்
– படலையில் நின்று ரோட்டுப் பக்கம்

“உங்கட கிணத்துத் தண்ணி இப்பவும் அதே ருசி.” “உங்கட காணியை நாங்க வடிவா வச்சிருக்கிறம்.” இப்படியெல்லாம் எழுதினேன். யோசித்து எழுதவில்லை, அப்படித்தான் வருகிறது. சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கிணற்றின் ஒரு பக்கம் இடிந்து தூர்ந்து கிடந்தது. அப்பாவும் என் புருசனும் இறங்கி இருபது நாள் சேறு அள்ளினார்கள். மேலே ஏறி வந்த அப்பா, முகத்தில் சேற்றோடு, “ஐயா கிணத்துல தண்ணி வந்துருச்சு” என்றார். சாகும் வரை அது அவருக்கு ஐயா கிணறுதான்.

செப். 23, செவ்வாய்

தர்சிக்கு இப்போது அது யார் என்று தெரியும். சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். இன்று காலை முன்பள்ளிக்குப் போகும் அவசரத்தில், “அம்மா, அந்த ஆள் உங்கட படம் ஒண்டும் கேக்கேல்லையே. வேலியைத்தான் கேக்கிறார்” என்றாள்.

ஏசிவிட்டேன். தாயிடம் கதைக்கிற கதையா என்றேன். அவள் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றிக்கு மேலே முழுக்க நரை.

பதினொரு மணிக்கு அவரிடமே கேட்டேன், என்னைப் பார்க்க ஆசையில்லையா என்று. “நீ எப்பிடி இருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குப் படம் எதுக்கு?” நல்ல பதில். மிக நல்ல பதில். அதுதான் பிடிக்கவில்லை.

தலைக்குக் கறுப்படிக்கும் பைக்கற் வாங்கி வைத்திருந்தேன். அலுமாரிக்குள் தள்ளிவிட்டேன்.

அக். 1, புதன்

முதல் மழை. அரை மணித்தியாலம். மண் வாசம்.

மழை விட்டதும் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள். ஒரு ஆள் வேலியோரமாக நடக்கிறார். யார் என்று கேட்டேன். ஊர் நெளுக்குளமாம், க.வின் தங்கை புருசனாம். “சும்மா பாக்க வந்தனான் அக்கா.” சும்மா பார்க்க வந்தவர் கையில் அளவு நாடா எதற்கு?

செருப்பும் போடாமல் கிராம சேவகரிடம் போனேன். அவர் கோவையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார். எங்கள் விண்ணப்பத்துக்கு எதிராக ஆட்சேபனை வந்திருக்கிறது. கொடுத்தது க. ஓகஸ்ட் மாதமே கொடுத்தாயிற்று.

ஓகஸ்ட். எனக்கு நட்புக் கேட்டது செப்டெம்பர்.

கள்ள ஐடியோ, காசுக்கோ, வேறு எதற்கோ என்று எத்தனை விதமாகச் சந்தேகப்பட்டேன். ஆள் அவர்தானா என்று கண்டுபிடிக்கவே என் புத்தி முழுவதும் செலவானது. அவர்தான் என்று தெரிந்ததும் மிச்சம் ஒன்றையும் யோசிக்கவில்லை.

“இது என்ன?” என்று எழுதினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

அக். 7, செவ்வாய்

விசாரணை. நெளுக்குளத்து ஆள் அற்றோணித் தத்துவப் பத்திரத்தோடு வந்திருந்தார். க. சார்பில் கதைக்க, கையெழுத்துப் போட எல்லாம் அவர்தான். மடிப்புக் கலையாத சேட்டு, பளபளக்கும் சப்பாத்து. ஒரு கோவைக்குள் இருந்து நாலு பக்கம் எடுத்து வைத்தார். நான் எழுதியவை. அச்சடித்து, மஞ்சள் மை பூசி.

காணி உத்தியோகத்தர் சின்னப் பிள்ளை, தர்சியை விட நாலைந்து வயது கூட இருக்கும். மரியாதையாகத்தான் கேட்டாள்.

“உங்கட அப்பாவைக் காவலுக்கு விட்டிட்டுப் போனது எண்டு அவையள் சொல்லினம். நீங்களும் ‘உங்கட காணி, உங்கட கிணறு’ எண்டு எழுதியிருக்கிறீங்கள். இது நீங்கள் எழுதினதோ அம்மா?”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

அடுத்த செவ்வாய் கடைசி. வேறு ஏதும் ஆதாரம் இருந்தால் கொண்டு வரட்டாம்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய ஓமந்தையில் இறங்காமல் புளியங்குளம் வரை போய்விட்டேன். நாலு பக்கம். அந்த நாலு பக்கத்தையும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக். 11, சனி

வெயில். பத்து நாளுக்குப் பிறகு அவர் எழுதியிருக்கிறார்.

“இது குடும்ப அலுவல், என்ர கையில ஒண்டும் இல்லை. கோவிக்காதை. எங்கட பழைய கதை எல்லாத்தையும் அழிச்சு விடு. ஆரும் பாத்தா உன்ர பேர்தான் கெடும்.”

நல்ல மனிசன். அழிக்கத்தான் போனேன். உறுதியா என்று போன் கேட்டது. அப்போதுதான் எனக்குள் ஒன்று முழித்துக்கொண்டது. என் காணி போவதைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு என் பேரைப் பற்றி என்ன கவலை?

அழிக்கவில்லை. மேலிருந்து வாசித்தேன். காப்பு, கொட்டில், பேணி, படலை. படலை. செப். 12.

“இனி இது உன்ர காணி.”

தர்சியைக் கூப்பிட்டேன். அவள் வாசித்துவிட்டு, “அவர் தன்ர பக்கத்தில அழிச்சாரெண்டா எங்கட போன்லயும் போயிடும்” என்று தன் போனால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். எல்லாவற்றையும் வாசித்தபடி எடுத்தாள். வேலியை, மணவறையை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

இல்லை என்றேன். அவள் போய் இரண்டு தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு, அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டலாம் என்றாள். யோசித்துப் பார்த்தேன். வெட்டிக் காட்டியது அவர்கள். நானும் வெட்டினால் என்னை யார் நம்புவார்கள்? ஆனால் முழுதும் காட்டினால், அவருடைய வரிக்குக் கீழேயே நான் எழுதிய மணவறைக் கதையும் கிடக்கிறது.

அக். 14, செவ்வாய்

மழை. கிழக்கு வரம்பு உடைந்திருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

போனை அப்படியே காணி உத்தியோகத்தரின் மேசையில் வைத்தேன். முதலில் இருந்து பாருங்கோ பிள்ளை என்றேன். அவள் மனதுக்குள் வாசித்தாள். செப். 12க்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி வாசித்தாள். பிறகு கொஞ்சம் கீழே தள்ளினாள். என்னைப் பார்த்தாள். அந்த வரி மட்டும் போதும் என்றாள்.

நெளுக்குளத்து ஆள் எழும்பினார். அதென்ன ஒரு வரி, முழுக்கச் சத்தமாக வாசிக்க வேண்டுமாம். நான் கூசிப் பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். அறையில் கிராம சேவகர், இரண்டு கிளாக்குமார், சாட்சிக்கு வந்த பக்கத்து வளவுக்காரர். பின்னால் தர்சி.

“வாசியுங்கோ பிள்ளை,” என்றேன்.

வாசித்தாள். ஐயா சொன்னதை வாசித்தாள். வேலியை வாசித்தாள். மணவறையையும் வாசித்தாள். ஒரு கிளாக் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் வந்தது, உடம்பு முழுக்க. ஆனால் விழுந்துவிடவில்லை.

கடைசியில் அவள் கேட்டாள், அப்படியானால் ஏன் “உங்கட” என்று எழுதினீர்கள் என்று.

“அவையளுக்கு முன்னால எங்கட எண்டு சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை பிள்ளை,” என்றேன். “கிணத்தை இறைச்சு மேல வந்த எங்கட அப்பாவே ஐயாட எண்டுதான் சொன்னவர்.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். முடிவு தபாலில் வருமாம். எப்படி வரும் என்று அவள் முகத்தில் தெரியவில்லை. உங்கட கையால வாக்குமூலம் எழுதித் தாங்கோ என்று ஒரு தாள் தந்தாள். எழுதினேன். வடக்கே வாய்க்கால். தெற்கே ரோட்டு. ஏழு தென்னை. ஒரு கல்வீடு. ஒரு கிணறு, அது யாருடையது என்றும் எழுத வேண்டும். பேனை “உங்க” என்று தொடங்கிவிட்டது. வெட்டினேன். பக்கத்தில் எழுதினேன்: என்னுடையது.