பூஜ்யம் போட்டால் பிரியாதவை

இன்று காலை உன் அப்பா அனுப்பிய கருப்பட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். கட்டியிருந்த நூல் முடிச்சு அவிழாமல் வளையமாகக் கழன்று மேசையில் விழுந்தது. பக்கத்தில் கணினித் திரையில் நம் கட்டுரைக்கு ஆய்விதழ் அனுப்பிய பதில் திறந்திருந்தது. எங்கே போய்த் தொலைந்தாய் நீ? இந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டாமா?

சாத்தான்குளத்தில் உன் அப்பா கடையிலிருந்து நீ கொண்டுவந்த நூல்கண்டில் தொடங்கியது நம் ஆராய்ச்சி. கல்லூரியில் நம் இருவருக்கும் ஒரே மேசை. மேலே ஒரு வரிசைப் புள்ளிகள், கீழே ஒரு வரிசை, அவற்றை இணைக்கும் நூல்கள். ஒரு படத்தின் கீழே இன்னொன்றை ஒட்டினால் அது பெருக்கல். நடுவில் மூடிய வளையம் வந்தால் அதை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஓர் எழுத்தால் பெருக்க வேண்டும். புள்ளிகள் கூடக்கூட ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்த அல்ஜீப்ராக்கள் ஒரு குடும்பம். அதை விரிவாக்கத்தான் நூல்களில் மணி கோத்துப் பார்த்தோம். மணிக்கு ‘முத்து’ என்று பெயர் வைத்தவள் நீ.

அது சரிவரும் என்ற நிரூபணம் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. எங்கே தொட்டாலும் முரண்பாடு. துறைமுகக் கடற்கரையில் கடலை தின்றுகொண்டிருந்தபோது திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாய்.

“ஏளா, வெறும் வளையத்துக்கும் முத்து வளையத்துக்கும் ஒரே எழுத்தையா போட்டு வச்சிருக்கோம்? தூத்துக்குடியில இருந்துக்கிட்டு முத்துக்குத் தனி வெல வைக்க மறந்துட்டோமே!”

“நீதான போட்ட?”

“நான் மட்டுமா? ரெண்டு பேருந்தாம்ளா!”

முத்து வளையத்துக்கு வேறு எழுத்து கொடுத்ததும் முரண்பாடு ஓடிப்போனது. முத்தில்லாத படங்களை மட்டும் எடுத்தால் பழைய குடும்பம் ஒரு குறையுமில்லாமல் உள்ளே இருந்தது. அன்று நீ சிரித்த சிரிப்பில் கடலைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது பூஜ்யம். எழுத்துகளுக்கு வேறு மதிப்புகள் கொடுத்தால் பெரும்பாலும் எல்லாம் எளிய கூறுகளாகச் சுத்தமாகப் பிரியும். வளையத்துக்குப் பூஜ்யம் போட்டால் கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதை விட்டுவிடலாம் என்றேன். நீ கேட்டால்தானே.

“ஒட்டிக்கிட்டுக் கெடக்கதுதாம்ளா அழகு. நல்லாப் பிரியுதத யாரும் எழுதிருவா.”

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், மருந்து ஏறும் கையை அசைக்காமல் மறு கையால் போர்வையில் வளையம் வரைந்தாய். “பூஜ்யத்த மட்டும் விட்றாதளா” என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நீ பார்த்திருப்பாய்.

பூஜ்யப் பகுதியை நீக்கினால் உடனே வெளியிடுவார்களாம். உன் அப்பா உன் பெயரை அச்சில் பார்க்கக் காத்திருக்கிறார்; பேசும்போதெல்லாம் “பேரு வந்துட்டாம்மா?” என்கிறார். அவருக்காகவே அதை அழிக்கத் துணிந்தேன். அப்போதுதான் அந்த நூல் வளையம் கண்ணில் பட்டது. மனசு கேட்காமல் அவருக்குப் போன் செய்தேன்.

“அவ ஆசையா எழுதுன பகுதிய எடுக்கச் சொல்லுதாங்கப்பா. எடுத்தா இப்பவே வந்துரும்.”

“எடுக்காதம்மா. மெல்ல வரட்டும்” என்றார்.

நீக்க முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். இனி வேறு இதழ், வேறு காத்திருப்பு. நீ இருந்த இடத்தில் தினமும் பூஜ்யத்தைப் போட்டுத்தான் பார்க்கிறேன்.

பிரிய மாட்டேங்கு, ஏளா.